இரட்டை வேலை என்ற சாக்கு

"தமிழில் அனுப்ப எங்களுக்கும் விருப்பம்தான். தமிழ் டைப் பண்ண ஆள் இல்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய நேரமும் இல்லை." மலையகத்தில் அரச கந்தோர்ப் படி ஏறியவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானது. சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அப்படித்தான் நம்புகிறார். கேட்டுக்கொண்டு திரும்புகிறவரும் நம்புகிறார். தொழிற்சங்க மேடையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் இதே நம்பிக்கைதான் வேறு சொற்களில் வருகிறது: ஆளணிப் பற்றாக்குறை, மொழிபெயர்ப்பாளர் நியமனம், நிதி ஒதுக்கீடு.

நான் இதை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் இன்னும் அதிகமாக வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒரு சாதாரண அறிவித்தல் கடிதம் தமிழில் வராமல் போவதற்கு ஆளின்மை காரணமல்ல. ஒரே கடிதத்தை ஒவ்வொரு முறையும் கையால் புதிதாக டைப் பண்ணுகிற பழக்கம்தான் காரணம். அந்தப் பழக்கத்தைக் கைவிட்டால் இரண்டாவது மொழிக்கு மேலதிக வேலை ஏறக்குறைய இல்லை.

மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக மலை ஏறினால் எல்கடுவ வரும். தேயிலை மலைகளும் லயங்களும் சூழ்ந்த ஊர். அரசின் கையில் இன்னும் இருக்கும் தோட்ட நிறுவனங்களில் ஒன்று இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இப்படியொரு ஊரில் வாழும் குடும்பத்துக்கு ஒரு வருடத்தில் எத்தனை கடதாசிகள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். அஸ்வெசும கொடுப்பனவு தொடர்பான கடிதம், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளையின் பாடசாலை அனுமதி, வாக்காளர் இடாப்பு, அடையாள அட்டை விண்ணப்பத்துக்கான பதில். இவற்றில் சிங்களத்தில் மட்டும் வருபவை ஏராளம்.

சிங்களம் வாசிக்கத் தெரியாதவர் அதை என்ன செய்வார்? சிங்களம் படித்த பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் காட்டுவார். இல்லாவிட்டால் முச்சக்கர வண்டிக்காரரிடமோ டவுன் கொமினிகேஷன் கடையிலோ கொடுப்பார். படிப்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார்: "பன்னிரண்டாந் திகதி வரச் சொல்லியிருக்காங்க அக்கா, ஐடென்டி கார்டைக் கொண்டு போங்க." கடிதத்தின் அடியில் கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியல் இருக்கும். அதில் நான்காவதாக விவாகச் சான்றிதழ் இருக்கும். சுருக்கிச் சொன்னதில் அது விடுபட்டுப் போகும். அன்றைய நாட்கூலிப் பேரை இழந்து, பஸ் ஏறி இறங்கிப் போனவர், "இன்னொரு நாள் வாங்க" என்ற பதிலோடு மலை ஏறுவார். ஒரு நாள் சம்பளம் போனதற்குக் கணக்கு வைக்க எந்தக் கந்தோரிலும் புத்தகம் இல்லை.

அந்தக் கடிதத்தையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேலே திணைக்களத்தின் பெயர், இலக்கம், திகதி. பிறகு பெறுநரின் பெயரும் முகவரியும். "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கும் ஒரு வசனம். வர வேண்டிய நாள், நேரம், இடம். ஆவணப் பட்டியல். கையொப்பம். முந்நூறு பேருக்குப் போகும் இந்தக் கடிதத்தில் ஆளுக்கு ஆள் மாறுவது எது? பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி, நேரம். மிச்சமெல்லாம் ஒன்றே. அந்த மிச்சத்தைத் தமிழாக்க முந்நூறு தடவை மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஒரு தடவை போதும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அரை நாள் இருந்து செய்தால் அந்தத் தமிழ் வருடக்கணக்கில் உழைக்கும்.

இப்போது நடப்பது வேறு. போன மாதக் கோப்பை வேர்டில் திறக்கிறார்கள். பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை டைப் பண்ணுகிறார்கள். வேறு பெயரில் சேமித்து, அச்செடுத்து, அடுத்ததைத் திறக்கிறார்கள். முதல் பக்கத்தில் மாறிய திகதி இரண்டாம் பக்கத்தில் மாறாமல் நிற்கும். ஒருவருடைய அடையாள அட்டை இலக்கம் இன்னொருவர் கடிதத்தில் ஒட்டிக்கொண்டு போகும். சிங்களத்தில் மட்டும் செய்யும்போதே இந்தப் பாடு என்றால், தமிழிலும் செய்யச் சொன்னால் உத்தியோகத்தர் கையை விரிக்கத்தான் செய்வார். அவர் செய்கிற முறையில் அது உண்மையிலேயே இரட்டை வேலை. முறையை மாற்று என்பதே என் கோரிக்கை.

மாற்று முறை எதுவும் மர்மமானதல்ல. 2007ஆம் ஆண்டு ஓபிஸ் பதிப்பிலிருந்து வேர்ட் கோப்பு என்பது சிப் செய்யப்பட்ட ஒரு பொதி. உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்புகள் இருக்கின்றன. அதன் கட்டமைப்பு 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற சர்வதேசத் தரமாகவும் வெளியாகிவிட்டது. ஆகவே வேர்டைத் திறக்காமலே ஒரு கணினி நிரலால் வேர்ட் ஆவணத்தை உருவாக்கலாம். பைதன் மொழியில் இதற்கென்றே பைதன்-டாக்ஸ் என்ற இலவச நூலகம் இருக்கிறது. எக்செல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி. வெற்றிடங்கள் விட்ட வார்ப்புருக் கடிதம் இரண்டு, சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. நிரல் ஒவ்வொரு வரியாக வாசித்து, "மொழி" என்ற நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, உரிய வார்ப்புருவில் பெயரையும் திகதியையும் இட்டு, தலைப்பு, அட்டவணை, பக்க எண் எல்லாவற்றோடும் கோப்பைச் சேமிக்கிறது. முந்நூறு கடிதமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிலர் கேட்பார்கள், வேர்டிலேயே மெயில் மேர்ஜ் இருக்கிறதே என்று. தாராளமாக அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் வரிகள் கூடிக் குறையும் அட்டவணை போடுவதும், எழுதுமுன் தரவைச் சோதிப்பதும் அதற்குச் சிரமம். 2016இலிருந்து அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமாகிவிட்டது. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். இரண்டிலும் சேராத எதையாவது பட்டியலில் கண்டால் நிரல் அந்த வரியை ஒதுக்கி வைத்து "இதைப் பாருங்கள்" என்று சொல்லும். களைத்துப்போன கண் அதைத் தவறவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் கனமானது, "தமிழ் உடைந்து போகும்" என்பது. பரிசோதித்துப் பார்த்தவர்களே இதைச் சொல்வதால் அலட்சியம் செய்ய முடியாது. நிரலில் லதா எழுத்துரு என்று கொடுத்தால் தமிழ் வேறு எழுத்துருவில் வருகிறது. அளவை 14 என்று கொடுத்தால் ஆங்கிலம் பெரிதாகிறது, தமிழ் பழைய அளவிலேயே நிற்கிறது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் தமிழ் மெலிந்தே கிடக்கிறது. "பார்த்தீர்களா, தமிழுக்கு இது சரிவராது" என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

சரிவராதது தமிழல்ல. வேர்ட் தன் கோப்புக்குள் எழுத்துகளை இனம் பிரித்து வைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் இடம். அரபு, தமிழ், சிங்களம் போன்ற சிக்கலான வரிவடிவங்களுக்கு இன்னோர் இடம். எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றுக்கும் இப்படித் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. பைதன்-டாக்ஸில் எழுத்துருவின் பெயரையும் அளவையும் வழக்கமான முறையில் கொடுக்கும்போது ஆங்கிலத்துக்கான குறியை மட்டுமே அது எழுதுகிறது. சிக்கலான வரிவடிவத்துக்கான குறியையும் சேர்த்து எழுத நிரலில் நாலைந்து வரிகள் போதும். அதைவிட எளிய வழி, வார்ப்புருவை வேர்டிலேயே தயாரித்து, தமிழுக்கான பாணியை அங்கேயே சரியாக அமைத்துவிட்டு, நிரலை வெறும் பெயர் நிரப்பும் வேலைக்கு மட்டும் விடுவது. அப்போது எழுத்துருப் பிரச்சினையே எழாது. சிங்களமும் இதே இனத்து எழுத்துதான், அதற்கும் இதே சிக்கல் உண்டு, இதே தீர்வும் உண்டு. தமிழுக்கு மட்டும் விதித்த தடையாக இதைக் காட்டுவது தவறு.

இன்னொரு உடைவு பழைய சொத்து. நம் நாட்டில் பல ஆண்டுகள் பாமினி எழுத்துருவில் டைப் பண்ணினோம். பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிவது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினியில் டைப் பண்ணிய பெயர்ப் பட்டியலை அப்படியே நிரலுக்குக் கொடுத்தால் கடிதத்தில் அந்தக் குறிகள்தான் அச்சாகும். சிங்களத்திலும் இப்படியான பழைய எழுத்துருக்கள் உண்டு. பட்டியலை யுனிகோடுக்கு ஒரு தடவை மாற்றிவிட்டால் தீர்ந்தது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெயர் விடயத்தில் நான் மிகவும் கண்டிப்பானவன். மலையகத்தில் பெயர் என்பது விளையாட்டல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம் நம் முன்னோரிடம் கேட்டது கடதாசிதான். ஏழு வருடம், பத்து வருடம் இங்கேயே வாழ்ந்ததை ஆவணத்தால் நிரூபி என்றது. நிரூபிக்க முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைத் தொகையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை உறுதியாக 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வரலாறு உள்ள மக்களின் பெயரைத் தப்பாக எழுதி, பிறகு "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொல்வது அநியாயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாக, அடையாள அட்டையில் ஒரு விதமாக, சேமலாப நிதிக் கணக்கில் இன்னொரு விதமாகப் பெயர் பதியப்பட்ட முதியவர்கள் தோட்டந்தோறும் இருக்கிறார்கள். இளைப்பாறும் வயதில்தான் அது தெரியவரும்.

ஆகவே, "நிரல் தமிழ்ப் பெயரைச் சிங்களத்துக்குத் தப்பாக மாற்றிவிடும்" என்ற ஆட்சேபம் நியாயமானது. தமிழில் "க" ஒன்றுதான். சிங்களத்தில் அதற்கு ஒலிக்கு ஏற்ப வேறு வேறு எழுத்து. கணினி ஊகித்து மாற்றினால் தப்பும். பதில் எளிது: மாற்ற விடாதீர்கள். பட்டியலில் தமிழ்ப் பெயருக்கு ஒரு நெடுவரிசை, சிங்களப் பெயருக்கு ஒரு நெடுவரிசை, ஆங்கிலப் பெயருக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள். மூன்றையும் அவரவர் கையிலுள்ள ஆவணத்தைப் பார்த்து ஒரு தடவை பதியுங்கள். உரியவரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அன்றிலிருந்து அந்தக் கந்தோர் அனுப்பும் எல்லாக் கடிதத்திலும் அந்தப் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறாமல் வரும். கையால் டைப் பண்ணும் எவராலும் இந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. பெயர்ப் பிழைக்குப் பயப்படுகிறவர்தான் முதலில் நிரலைக் கேட்க வேண்டும்.

தமிழ் இலக்கணமும் இடறும் என்பார்கள். முருகன் என்றால் "முருகனுக்கு", மாரியாயி என்றால் "மாரியாயிக்கு", செல்வம் என்றால் "செல்வத்துக்கு". வெற்றிடத்தின் பின்னால் ஒரே உருபை ஒட்ட முடியாதே என்று கேட்பார்கள். நம் மரியாதை வழக்கிலேயே வழி இருக்கிறது. "திருமதி மாரியாயி அவர்களுக்கு" என்று எழுதினால் உருபு முழுவதையும் "அவர்கள்" ஏற்றுக்கொள்ளும். பெயர் தொடப்படாமல் நிற்கும். தோட்டத்துப் பெண்ணை அரச கடிதம் "அவர்கள்" என்று விளிப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சியும் உண்டு.

ஒரு பிழை முந்நூறு பிழையாகிவிடும் என்பது அடுத்த அச்சம். ஆம், ஆகும். வார்ப்புருவில் திகதி தப்பென்றால் முந்நூறு கடிதத்திலும் தப்பு. ஆனால் அந்தப் பிழை முதல் கடிதத்தைப் படித்தவுடனே பிடிபடும். ஓர் இடத்தில் திருத்தினால் முந்நூறும் திருந்தும். கையால் செய்யும் முறையில் பிழைகள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். எந்தக் கடிதத்தில் எது தப்பென்று அனுப்பியவருக்கே தெரியாது. அனுப்புமுன் பத்துக் கடிதங்களை எடுத்துப் படித்துப் பார்க்கும் ஒழுங்கை ஏற்படுத்தினால் போதும்.

இன்று புதிதாக ஒரு கருத்தும் கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அதுவே தமிழாக்கித் தருமே, வார்ப்புருவும் நிரலும் எதற்கு என்கிறார்கள். அரச கடிதத்துக்கு இந்த யோசனை ஆகாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக மொழிபெயர்க்கப்படும் கடிதத்துக்கு யார் பொறுப்பு? ஒரு நாள் "சமூகமளிக்கவும்" என்று வரும், இன்னொரு நாள் "சமூகமளிக்கலாம்" என்று வரும். முன்னது கட்டளை, பின்னது விருப்பம். ஒருவரின் கொடுப்பனவு அந்த ஓர் எழுத்துச் சொச்சத்தில் தொங்கும். ஒரு மனிதர் ஒரு தடவை மொழிபெயர்த்து, இன்னொருவர் பார்த்துக் கையொப்பமிட்ட வார்ப்புரு அப்படி ஆடாது. அத்தோடு, அடையாள அட்டை இலக்கங்கள் நிறைந்த பட்டியலை வெளியே எங்கோ உள்ள சேவைக்கு ஏற்றுவதற்கும், கந்தோர்க் கணினியில் இணையமே இல்லாமல் ஓடும் நிரலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் சட்டமும் வந்திருக்கிறது.

சரி, நிரலை யார் எழுதுவது? கொழும்பிலிருந்து கம்பனி வர வேண்டும், கேள்விப்பத்திரம் கோர வேண்டும் என்ற எண்ணம்தான் இங்கே பெரிய முட்டுக்கட்டை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளை பைதன் படிக்கிறது. பட்டியலை வாசித்து, வெற்றிடத்தை நிரப்பி, கோப்பைச் சேமிக்கும் நிரல் அந்தப் பிள்ளையின் அறிவுக்கு எட்டாததல்ல. ஆனால் மலையகத்தில் கணினிப் படிப்பு என்றாலே வேர்டில் வேகமாக டைப் பண்ணப் பழகுவது என்று நினைக்கிறோம். பெற்றோரும் அதற்கே காசு கட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழோடு வரும் பிள்ளைக்கு இன்னொரு டைப்பிஸ்ட் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தன் ஊருக்கு வரும் கடிதத்தைத் தமிழில் வரச்செய்யும் வல்லமை அதே பிள்ளைக்கு அதே கணினியில் கைகூடும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. டைப்பிஸ்டின் வேலை போய்விடும் என்ற கவலையும் வேண்டாம். பெயர்களைச் சரிபார்க்கவும், வந்தவரிடம் பேசவும், விதிவிலக்கான கடிதத்தை உட்கார்ந்து எழுதவும் ஆள் வேண்டும். இன்று அந்த வேலைகளுக்குத்தான் நேரம் இல்லாமல் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இன் 16ஆம் திருத்தம் அதை நிருவாகத்துக்கு விரித்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும், எழுதிய மொழியிலேயே பதில் பெறவும், தனக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு. இது இருமொழிப் பிரதேச செயலகங்களுக்கு மட்டும் உரிய சலுகை அல்ல. மாத்தளைக்கும் பொருந்தும், எல்கடுவ லயத்துக்கும் பொருந்தும். இந்த உறுப்புரையில் ஆள் இருந்தால் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

பல மொழிகளில் தருவது முடியாத காரியம் என்றால் அரசே இதைச் செய்திருக்காது. 2017இல் அறிமுகமான புதிய தேசிய அடையாள அட்டையில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன. வங்கியின் ஏ.டி.எம். இயந்திரம் காசு கொடுக்குமுன் எந்த மொழி என்று கேட்கிறது. ஒவ்வொரு அட்டைக்கும், ஒவ்வொரு தடவை காசெடுக்கும்போதும் யாரும் மொழிபெயர்ப்பாளரை அழைப்பதில்லை. மொழியை முன்கூட்டியே ஒரு தடவை செய்து வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குச் செய்ததைக் கந்தோர்க் கடிதத்துக்குச் செய்ய மறுப்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

கந்தோர்த் தலைவர்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் அலுவலகம் மிக அதிகமாக அனுப்பும் ஒரு கடிதத்தை எடுங்கள். ஒன்றே ஒன்று போதும். அதைத் தமிழாக்கி, சரிபார்த்து, வார்ப்புருவாக்குங்கள். பக்கத்துப் பாடசாலையின் தொழினுட்ப ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆசிரியர்களே, அடுத்த தவணைச் செயற்திட்டமாக மாணவர் பெயர்ப் பட்டியலைப் போட்டுத் திரும்பவும் வரிசைப்படுத்தச் சொல்லாமல், இரண்டு மொழியிலும் ஓர் அறிவித்தல் கடிதத்தை உருவாக்கும் நிரலை எழுதச் சொல்லுங்கள்.

தோட்டத்து உறவுகளுக்கும் ஒரு சொல். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவதோடு நிற்காதீர்கள். தமிழில் ஒரு கடிதம் எழுதி, 22ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டு, தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். எழுதியதன் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லை என்ற பதில் வந்தால், ஒரே கடிதத்துக்கு எதற்கு ஐயா ஒவ்வொரு தடவையும் ஆள் என்று திருப்பிக் கேளுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்டது. முறைப்பாட்டை அங்கேயும் தமிழிலேயே அனுப்பலாம்.